அதுக்கு முன்னாடி

அவங்க பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த அறைக்குள்ளே பேசுவது இந்த அறையோடு இருக்கணும் என்று முதல் நாளே சொல்லித்தான் உட்கார வைத்தாங்க. பேசினதைத்தான் இப்போது எழுதுகிறேன். பேரையாவது விட்டுவைக்கிறேன். அது போதுமா, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களா என்று யோசித்தே ஒரு மழைக்காலம் போய்விட்டது.

நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவங்க இல்லாத நேரத்தில் 'முன்னாடி மேடம்'. யார் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அவங்க வாயிலிருந்து வருவது அந்த ஒரு கேள்விதான். குடிச்சிட்டேன் மேடம். அதுக்கு முன்னாடி? மச்சானோட சண்டை. அதுக்கு முன்னாடி? வெயில்ல லோடு இறக்கினேன். அதுக்கு முன்னாடி? காலையில சாப்பிடல. அதுக்கு முன்னாடி? இப்படியே ஒரு ஆளை மத்தியானத்திலிருந்து விடியற்காலைக்கும், விடியற்காலையிலிருந்து முந்தின நாளுக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போவாங்க. குரல் ஏறாது. அவசரமும் இருக்காது. சாவியைத் தொலைத்தவங்க வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுகிற மாதிரி, தரையைப் பார்த்தபடியே கேட்பாங்க.

ஏன் என்று மட்டும் கேட்க மாட்டாங்க. அது எனக்குப் பெரிய ஆறுதல். பள்ளிக்கூடத்தில் ஏன் லேட்டு என்று கேட்டார்கள். அப்பாவோடு மூட்டை ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வராது. நின்றுகொண்டே இருப்பேன். ஒருநாள் கேள்விக்குப் பயந்து வெளியிலேயே நின்றேன், அப்புறம் போகவே இல்லை. ஒன்பதாம் வகுப்பு அதோடு முடிந்தது. பிறகு அம்மா கேட்டாள், மாமனார் கேட்டார், நான் லோடு அடிக்கிற மீன் வியாபாரி கேட்டார், என் சம்சாரம் கேட்டாள். ஏன் குடிக்கிற. அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. ஏதோ ஒரு திட்டத்தில் நடந்தது. குடிக்காரர்கள், மாத்திரைப் பழக்கம் உள்ளவர்கள், குடியோடு சேர்த்துப் பயமோ மனச்சோர்வோ இருக்கிறவர்கள் வருவார்கள். எனக்குப் பயம். வண்டியை நிறுத்திவிட்டு நாலடி போனதும் ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று திரும்பி வருவேன். மறுபடியும் வருவேன். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்குள் யாரோ செத்துவிட்டதாக நெஞ்சு முடிவு செய்துவிடும். அந்தப் பயத்தை அடக்கத்தான் முதலில் குடித்தேன். பிறகு குடிக்காவிட்டால் பயம் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து அந்த மாடிக்கு அனுப்பினார். மாத்திரை பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. கூடவே மற்றதையும் தள்ளி வைத்தது. சந்தோஷம் எங்கேயோ அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும்.

சுவரில் 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன், விளங்கவில்லை. மேடம் அந்தப் பேரை ஒருதடவைகூடச் சொன்னதில்லை. அவங்க சொன்னது இதுதான். இப்ப நீங்க இருக்கிறது இப்படித்தான்னு ஒத்துக்கணும். இப்படியே இருக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளணும், ஒன்றுக்காக இன்னொன்றைக் கீழே போடக் கூடாது. மற்றதெல்லாம் பழக்கம், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்றாங்க.

பார்க்க அப்படி ஒன்றும் இருக்க மாட்டாங்க. முப்பத்தைந்து வயசிருக்கும். செருப்பில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். எங்களுக்குப் போட்ட அதே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவாங்க. எப்போதும் சளி. முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசுவாங்க. சின்ன வயசிலிருந்தே அவங்களுக்கு வாடை தெரியாது. மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது.

அதையும் முதல் நாளே சொல்லிவிட்டாங்க. "நீங்க குடிச்சிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

துபாயிலிருந்து திரும்பி வந்த பாய் ஒருத்தர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். முதுகுவலிக்குச் சாப்பிட ஆரம்பித்த மாத்திரை அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் மெதுவாக என்னிடம், "இவ்வளவு லேசா ஏமாத்தலாம்னா ஏமாத்துறதுல என்னண்ணே ருசி இருக்கு" என்றார். அது உண்மைதான். அந்த அறையில் யாரும் மேடத்தை ஏமாற்றின ஞாபகம் இல்லை.

பாய்தான் ஒருதடவை அவங்களைக் கேலி செய்தார். அவரைப் பின்னால் பின்னால் கூட்டிக்கொண்டு போய், துபாய் கேம்ப், விசா, கல்யாணம் என்று எல்லாம் தாண்டி எங்கேயோ நிறுத்தியிருந்தாங்க. "மேடம், இப்படியே போனா நாம ஆதம் நபிகிட்ட போய்த்தான் நிப்போம்" என்றார்.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போவோம் பாய். அந்தப் பழத்தைத் தின்னதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அவரை உட்கார வச்சு யாராவது கேட்டாங்களா?" என்றாங்க. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தேன்.

என் வேலை ஐஸில். நாகப்பட்டினத்தில் விடியுமுன் மீனும் ஐஸும் ஏற்றி, கீழ்வேளூர், திருவாரூர், நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவேன். குட்டியானை வண்டி. திரும்பும்போது காலிப் பெட்டிகள். வீடு அம்மாபேட்டைக்கு உள்ளே. வெயில் ஏறினால் ஐஸ் உருகும், உருகினால் மீன் போகும், மீன் போனால் வியாபாரி கத்துவார். எனக்கு வெயில் ஏறாத நாளிலும் ஐஸ் உருகுகிற கவலைதான்.

ஒருநாள் மேடம் ஒரு பாத்திரம் நிறைய ஐஸ்கட்டி கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாங்க. குடிக்கணும் என்ற வெறி அலை மாதிரி ஏறும், ஏறினது இறங்கியே தீரும், இறங்குகிற வரைக்கும் உடம்பை வேறு எதிலாவது நிறுத்தி வைக்கணும், அதற்கு இந்தக் குளிர் உதவும் என்றாங்க. எல்லாரும் உஸ் உஸ் என்று கை மாற்றினார்கள். பாய் அல்லாவைக் கூப்பிட்டார். நான் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது தண்ணீராகி முழங்கை வழியே வடிந்தது.

மேடம் என் கையையே பார்த்தாங்க. "அண்ணே, உறைக்கலயா?"

"ஐஸ் லோடு மேடம். கை மரத்துப் போய் வருஷமாச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் வேலை செய்கிற வைத்தியம் எனக்குச் செய்யவில்லை, நான் தேற மாட்டேன் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். மேடம் அப்படி எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. இருதயக் கோளாறு இருக்கா, நெஞ்சுவலி வந்ததுண்டா என்று கேட்டாங்க. டாக்டரிடமும் கேட்டுக்கொண்டாங்க. "கைதானே மரத்துச்சு, மூஞ்சி மரக்கலயே" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் மூச்சைப் பிடித்து முகத்தை முக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கொஞ்ச நேரம், பிறகு எழுந்து மூச்சு, மறுபடியும். நெஞ்சுத் துடிப்பு தானாக இறங்கும் என்றாங்க.

அதை நான் வெண்ணாற்றில் செய்ததுதான் தப்பாகப் போனது.

அன்றைக்கு ரோட்டோரப் பிராந்திக்கடையைத் தாண்டியதும் வெறி ஏறிவிட்டது. வண்டியை ஓரம் கட்டிப் படித்துறையில் இறங்கி, மண்டியிட்டு, தண்ணீரில் முகத்தை வைத்தேன். எதிரே வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆள் ஆற்றில் தலையைக் கவிழ்த்தபடி அசையாமல் கிடந்தால் என்ன நினைப்பார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் தண்ணீருக்குள் ஒரு கூச்சல். பிறகு இரண்டு பேர் என் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருத்தர் கன்னத்தில் அறைந்தார். இன்னொருத்தர், "பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியாய்யா" என்று கேட்டுவிட்டு அவரும் அறைந்தார்.

இது வைத்தியம் என்றேன். ஆற்றில் மூஞ்சியை வைக்கிற வைத்தியத்தை எந்த ஆஸ்பத்திரியில் தருகிறார்கள் என்று ஒரு அம்மா கேட்டாள். என்னை வரப்பில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, என் போனிலிருந்தே என் சம்சாரத்தைக் கூப்பிட்டார்கள். எனக்கு யாரோ தூக்குச்சட்டியிலிருந்து மோர் கொடுத்தார்கள். குடித்தேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

சம்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடத்திடம் போவதற்கு முன்னால் ஒருதடவை அவள் எங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்வேளூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மாடிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்தவள் இரண்டு புடவை, மகளின் யூனிபார்ம் ஒரு ஜோடி, ஒரு துண்டு, எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் மடித்து வைத்துச் சுவர் ஆணியில் மாட்டினாள். அதை அவிழ்க்கவே இல்லை. மகள் வளர்ந்தால் பழைய யூனிபார்மை எடுத்துவிட்டுப் புதுசை வைப்பாள். மறுபடி ஒருதடவை என்றால் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போவேன், திரும்ப மாட்டேன் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. பை ஆணியிலேயே இருந்தது. தினமும் நான் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். பிறகு உள்ளே விடுவாள்.

வெண்ணாறு நடந்த மறுநாள் அந்தப் பையைக் கையில் எடுத்துக்கொண்டே என்னோடு மாடிக்கு வந்தாள். என் புருஷனைத் தண்ணியில தள்ளப் பாக்குறீங்களா என்று கேட்டாள். மேடம் பாத்ரூமிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாங்க, பாத்திரத்து ஐஸைக் கொட்டினாங்க, கண்ணாடியைக் கழற்றி என் சம்சாரத்திடம் கொடுத்தாங்க. அப்படியே குனிந்து முகத்தை உள்ளே வைத்தாங்க. சம்சாரம் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றாள். மேடம் எழுந்தபோது மூக்கு சிவந்து தண்ணீர் கொட்டியது. "இவ்வளவுதாம்மா. அடுத்த தடவை வீட்டு வாளியில பண்ணச் சொல்றேன்."

சம்சாரம் சமாதானம் ஆகவில்லை. அவளுக்கு இன்னொன்றும் இருந்தது. தவறிக் குடித்துவிட்டால் என்ன செய்யணும் என்று மேடம் எனக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாங்க. ஒரு கிளாஸோடு நிறுத்தணும், அன்றைக்கே சம்சாரத்திடம் நானாகச் சொல்லணும், மறுநாள் மாடிக்கு வரணும். நான் வீட்டில் பயந்து பயந்து இதைச் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டது. இப்பவே சொல்லித் தந்தா குடிக்கலாம்னுதானே அர்த்தம் என்று மேடத்திடம் கேட்டாள்.

"குடிக்கவே கூடாதும்மா. அதுல ஒரு சொட்டுகூட விட்டுக்கொடுக்கல. அண்ணன் வண்டியில ஸ்டெப்னி இருக்குல்ல, அது பஞ்சராகணும்னா வச்சிருக்கு?"

"நான் ஊதச் சொல்றத நிறுத்த மாட்டேன்."

"நிறுத்தாதீங்க. எனக்குத்தான் மூக்கு இல்ல."

பையோடு வந்தவள் பையோடு வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினாள்.

ஸ்டெப்னி ஒருதடவை தேவைப்பட்டது. சித்திரை வெயிலில் ஐஸ் உருகி, வியாபாரி மார்க்கெட்டில் எல்லார் முன்னாடியும் கத்தினார். நான் ஒரு குவார்ட்டர் வாங்கி, வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தேன். மீதியை வெளியே ஊற்றினேன். அன்றைக்கு வாசலில் அவள் ஊதச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் விளக்குப் போடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து பசிக்குது என்றாள். எழுந்து போய் மாட்டினாள்.

மறுநாள் மேடத்திடம், வியாபாரி கத்தினதால் குடித்தேன் என்றேன். அவங்க வழக்கம்போலத் தரையைப் பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி, அதுக்கு முன்னாடி என்று போய் வியாபாரியைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, காலை டீயையும் தாண்டியாச்சு. எங்கேயும் நிற்கவில்லை. எனக்குச் சலித்துவிட்டது. எங்கள் அப்பா குத்தகை வயலில் நண்டு வளை தேடுகிற மாதிரி இருக்கு மேடம் என்றேன். அப்படின்னா என்றாங்க. மடையைத் திறந்துவிட்டாலும் வயல் நிறையாது, வரப்பு நன்றாகத்தான் தெரியும், தண்ணீர் வடிகிற இடத்தை மிதித்து அடைத்தாலும் நிற்காது, ஏனென்றால் நண்டு வளை வேறு இடத்தில் வாய் வைத்திருக்கும், அது கிடைக்கிற வரைக்கும் வரப்பு நெடுகக் குனிந்து போகணும் என்றேன்.

மேடம் கேட்டாங்க. "எதுல ஊத்திக் குடிச்சீங்க?"

"டம்ளர்ல."

"டம்ளர் எங்க இருந்துச்சு?"

"சீட்டுக்கு அடியில."

"அதுக்கு முன்னாடி?"

"எப்பவும் அங்கதான் மேடம். டீ குடிக்கிற டம்ளர்."

"டீக்கடையில டம்ளர் குடுக்க மாட்டாங்களா அண்ணே?"

குடிக்குப் போகிற பாலத்தையெல்லாம் கொளுத்திடணும் என்று முதல் மாசமே சொல்லியிருந்தாங்க. கடைக்காரர் நம்பர், கூட்டாளி நம்பர், வண்டியில் ஒளித்த பாட்டில், எல்லாம் போட்டாச்சு. அந்த எவர்சில்வர் டம்ளரையும் அன்று கையில் எடுத்தேன். நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு துணியில் சுற்றி மறுபடியும் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கழுவித் துடைத்து வைத்தேன். அப்போது குடிக்கிற நினைப்பே இல்லை என்று எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

"மேடம், நண்டு மாட்டிக்கிச்சு" என்றார் பாய்.

டம்ளரை மறுநாள் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாங்க. அவங்க மேசையில் இப்படி நிறைய இருந்தன. யாரோ ஒருத்தருடைய லைட்டர், பாயுடைய மாத்திரை டப்பா, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் புழங்குவாங்க. டப்பாவில் குண்டூசி, லைட்டரில் ஊதுபத்தி. என் டம்ளரில் அவங்க டீ குடித்தாங்க. ஒவ்வொரு வாரமும் நான் எதிரில் உட்கார்ந்திருக்க, அதே டம்ளரை ஊதி ஊதிக் குடிப்பாங்க. முதலில் கூசியது. பிறகு அது வெறும் டம்ளராகிவிட்டது. எப்போது ஆனது என்று தெரியவில்லை.

போன் ஒன்று வைத்திருந்தாங்க, மாடிக்குச் சொந்தமானது. குடித்த பிறகு கூப்பிடாதீங்க, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க என்பாங்க. கூப்பிட்டால் ஆறுதல் சொல்ல மாட்டாங்க. எங்க நிக்கிறீங்க, கையில என்ன இருக்கு, வெறி அஞ்சுக்கு எவ்வளவு ஏறியிருக்கு, இவ்வளவுதான் கேட்பாங்க. வெளியில எங்கேயாவது பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்க மாட்டேன், நீங்களாகப் பேசினால் பேசுவேன் என்றும் சொல்லியிருந்தாங்க. எங்களுக்கு அசிங்கமாகிவிடக் கூடாது என்று.

திட்டம் முடிந்தது. மாடியைக் காலி செய்தார்கள். கடைசி நாளில் அவரவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தாங்க. பாய் டப்பாவைக் குண்டூசியோடு வாங்கிக்கொண்டார். "டம்ளர் என்கிட்டயே இருக்கட்டும் அண்ணே" என்றாங்க. சரி என்றேன். அந்தப் போன் நம்பர் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழிந்தது. நான் குடிக்கவில்லை. நன்றாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. எழுந்தேன், ஐஸ் ஏற்றினேன், இறக்கினேன், ஊதினேன், தூங்கினேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். பை ஆணியிலேயே இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நீடாமங்கலத்தில் ஒரு கடைக்கு மிச்ச மீனைப் போடப் போனேன். திரும்பும்போது ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். அங்கே கேட்டுப் போட்டால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. பஸ், டிராக்டர், பைக் எல்லாம் நின்றன. எஞ்சினை அணைத்தேன். மூடியிருந்த ஒரு சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் ஒரு ஆள் கிடந்தான். கைலி அவிழ்ந்து நனைந்து கிடந்தது. ஒரு பெண் குனிந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா? ஏன்டா இப்படிப் பண்ற? வாயத் தொறந்து சொல்லேன்டா. ஏன்?"

குரலில்தான் தெரிந்தது. மேடம்.

இறங்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. இறங்கினால் அவங்களுக்கு அசிங்கம். இறங்காவிட்டால் நான் பார்த்துக்கொண்டே போனதாக ஆகும். தெரிந்த மாதிரி காட்டிக்க மாட்டேன் என்று அவங்க சொன்னது எனக்காக. இப்போது அதை யாருக்காக யார் செய்வது. ரயில் போய்விட்டது, கேட்டுக்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டினார். நான் இறங்கிப் போய், "மேடம், நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்றேன்.

அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. கண்ணாடி முழுக்க மழை. "என் தம்பி" என்றாங்க.

இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். நான், நடுவில் அவன், ஓரத்தில் மேடம். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. பிராந்தி வாடை நேராக என் மூக்குக்குள் போனது. கேட்டு திறந்தது. மழைக்குக் கண்ணாடியை இறக்க முடியவில்லை.

"நீங்க இறங்கியிருக்கக் கூடாது அண்ணே" என்றாங்க. "எனக்கு வாடை தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல."

பரவாயில்லை என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும், கேட்காமலே பேசினாங்க. "எனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளயே வச்சுக் குடிச்சிருக்கான். நான் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாங்க. "ஊருக்கெல்லாம் கேட்டேன். இவன்கிட்ட மட்டும் எனக்கு அப்படிக் கேக்க வரமாட்டேங்குது."

எனக்கும் கேட்க வரவில்லை. வைப்பர் போய் வந்தது.

அவங்க அம்மா வீட்டு வாசலில் அவனை இறக்கித் திண்ணையில் சாய்த்தோம். மேடம் திரும்பி வண்டிவரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாங்க. "இப்ப அஞ்சுக்கு எவ்வளவு?"

"ரெண்டு மேடம்."

அஞ்சு இருந்தது. அவங்க முகத்தைப் பார்த்து அஞ்சு என்று சொல்ல முடியவில்லை. அவங்க தலையாட்டினாங்க. நம்பினாங்களா என்று தெரியாது.

அங்கிருந்து அம்மாபேட்டை வருகிற வழியில் ஒரு பிராந்திக்கடை இருக்கிறது. தினமும் கடக்கிற கடைதான். அன்றைக்கு வண்டி அதன் எதிரில் தானாக நின்ற மாதிரி நின்றது. தோளில் அந்த வாடை ஒட்டியிருந்தது. கை கதவைத் திறந்துவிட்டது. கூப்பிட நம்பர் இல்லை. வீட்டில் பை ஆணியில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் நடக்கிறதும், மகள் பின்னால் போகிறதும் தெரிந்தது. அது தெரிந்தும் நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதுக்கு முன்னாடி என்று எனக்கு நானே கேட்டேன். வாடை. அதுக்கு முன்னாடி அவன் தலை சாய்ந்தது. அதுக்கு முன்னாடி கேட்டு. அதுக்கு முன்னாடி நான் இறங்கினது. இறங்கினதுக்கு முன்னாடி வண்டிக்குள் உட்கார்ந்து கேட்ட குரல். ஏன்டா. அங்கே வந்து நின்றுவிட்டேன். வாடையெல்லாம் அப்புறம்தான். அவங்களே ஏன் என்று கேட்டுவிட்டாங்க என்றால், அவங்களுக்கே வழி தெரியாது என்றால், நான் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வளை அங்கே இருந்தது.

தெரிந்ததால் வெறி இறங்கிவிடவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மீன் போட்டது போக, உருகின தண்ணீரில் துண்டு துண்டாக ஐஸ் மிதந்தது. செதில், ரத்தம், ஒரு சங்கரா மீனின் துடுப்பு. மூச்சைப் பிடித்து முகத்தை வைத்தேன். எழுந்தேன். மறுபடியும் வைத்தேன். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருத்தன், "என்னண்ணே, உள்ள ஏதும் உயிரோட இருக்கா?" என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் முடியைப் பிடித்துத் தூக்கவில்லை. எத்தனை தடவை வைத்தேன் என்று எண்ணவில்லை. கன்னம் வலிக்க ஆரம்பித்தது, பல் கூசியது, நெஞ்சு மெதுவாக அடித்தது. அஞ்சு மூன்றாகியிருக்கும். மூன்றில் வண்டி ஓட்டலாம்.

ஹேண்ட் பிரேக்கை எடுத்தேனா என்று இரண்டுதரம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் சம்சாரம் நின்றிருந்தாள். லேட்டானதால் முகம் இறுகியிருந்தது.

"ஊதுங்க."

ஊதினேன். தோளில் இருந்த வாடையும் அவளுக்குப் போயிருக்கும். கண் சுருங்கியது. கிட்ட வந்து என் வாயையும் கன்னத்தையும் நெற்றியையும் முகர்ந்தாள். பின்வாங்கினாள். மறுபடி கிட்ட வந்தாள்.

"மூஞ்சியெல்லாம் மீன் நாத்தம். என்னங்க இது?"

கேட்டு, மேடம், தம்பி, கடை, பெட்டி என்று நடந்தபடியே சொன்னேன். மேடம் தம்பிகிட்ட ஏன்னு கேட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவள் என் புருவத்தில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் கிள்ளி எடுத்து மழையில் சுண்டினாள்.

துவைத்த துண்டு எதுவும் காயவில்லை. கொடியில் கை வைத்துப் பார்த்தாள், எல்லாம் சொதசொத என்று இருந்தன. உள்ளே போனாள். ஆணியில் இருந்த பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து அந்தத் துண்டை உருவிக்கொண்டு வந்து நீட்டினாள்.

துடைத்தேன். பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அவள் அதை வாங்கி, ஒரு உதறு உதறி, வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில் மற்றத் துண்டுகளோடு போட்டாள். விரித்த பிறகும் மடித்திருந்த கோடுகள் அப்படியே தெரிந்தன.